மேலே ஏறிய ஸ்டேட்டஸ் பார்

நான் கணினியில் வேலை செய்யும் எடிட்டரில் எதையும் நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நாலு வரி நிரல் எழுதினால் போதும். திரையின் அடியில் இருக்கும் ஸ்டேட்டஸ் பாரை மட்டும் நான் தொட்டதே இல்லை. எந்தக் கோப்பில் இருக்கிறேன், சேமித்தேனா இல்லையா என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

போன மழைக்காலத்தில் அது என் கண்ணில் படாமல் போனது. பழைய பிரதி ஒன்றை நாள் முழுக்கத் திருத்திவிட்டு அசடு வழிந்த பிறகுதான் டாக்டரிடம் போனேன். கண்ணில் அழுத்தம், பார்வையின் கீழ்ப்பாதி தேய்ந்துவிட்டது என்றார்.

"போனது போனதுதாங்க. இருக்கறத காப்பாத்தப் பாப்போம்" என்று சொட்டு மருந்து எழுதினார்.

மனைவியிடம் கண்ணாடி பவர் மாறியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். தெரிந்தால் உடைந்துபோவாள் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். நாங்கள் இருக்கும் வேங்கிக்காலிலிருந்து டவுனுக்கு வண்டி எடுக்கச் சொன்னால், கிரிவலத்துக்கு வரும் பௌர்ணமிக் கூட்டத்தைச் சாக்கு சொன்னேன். பௌர்ணமி முடிந்து நாலு நாள் ஆனாலும் அதே சாக்குதான். வெட்கமாக இருந்தது.

ஸ்டேட்டஸ் பாரை மேலே ஏற்ற ஒரு காலைப்பொழுது முழுக்கப் போராடினேன். முதலில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வந்தன. பிறகு இரண்டுமே போயின. கடைசியில் ஒருவழியாக மேலே போய் உட்கார்ந்தது. கோப்பின் பெயர் பளிச்சென்று தெரிந்ததும் கண்ணே திரும்பி வந்துவிட்ட மாதிரி சந்தோஷம். அதே வேகத்தில் வாசலுக்குப் போய் மல்லாட்டைமேல் கால் வைத்தேன்.

வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கீழ்பென்னாத்தூரில் மாமியார் வீட்டு நிலத்தில் பிடுங்கியது. சிமெண்டுத் தரையில் மனைவி காயப்போட்டிருந்தாள். நொறுங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் அது அங்கே இருப்பதே தெரிந்தது.

"போன் பாத்துகினே வந்துட்டேன்" என்றேன். கையில் போன் இல்லை.

அவள் நொறுங்கியதைக் கூட்டி அள்ளினாள்.

மறுநாள் மல்லாட்டை இரும்புக் கட்டில்மேல் காய்ந்தது. தரையில் இருந்த தண்ணீர்க் குடம் மேடைக்கு ஏறியிருந்தது. என் செருப்புகூடச் சுவர்ப் பலகையில் இருந்தது.

"எதுக்கு எல்லாத்தையும் மேல வச்சிட்ட?"

"மேல இருந்தாதான உங்களுக்குத் தெரியுது" என்றாள். "டாக்டர் சீட்டை அன்னைக்கே பாத்துட்டேங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். நேத்து மறந்துபோய் தரையில கொட்டிட்டேன். என் தப்புதான்."

பலகையிலிருந்து செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டேன். வாசலில் மூன்று படிகள். அவற்றை அவளாலும் மேலே ஏற்ற முடியாது. எனக்கு முன்னால் இறங்கி நின்று கையை நீட்டினாள்.