எண் கேட்ட இடத்தில் வந்த எழுத்து

திண்டுக்கல்லில் அந்த ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. மயங்கிக் கிடந்த என் மனைவியின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் லேபிலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்தும் திறக்கவில்லை. லேப்காரரும் வெளியே போயிருந்தார்.

கம்ப்யூட்டரைச் சரிசெய்ய வந்தவர் ஒல்லியானவர். ஒவ்வொரு பொத்தானை அழுத்தும் முன்னும் உள்ளங்கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார்.

“சர்க்கரை அளவுக்கு இந்தப் புரோகிராம் எண்ணை மட்டுந்தான் வாங்கும். லேப் மெஷின் அங்க ஏதோ எழுத்தை அனுப்பியிருக்கு” என்றார்.

“ஒரு சைபரைப் போட்டுத் தெறந்து விடுங்கண்ணே. டாக்டர் கத்துறாரு” என்றார் நர்ஸ்.

“போட்டா தெறந்துக்கும்மா. ஆனா அது இவுக வீட்டம்மா ரத்தத்துல உள்ளதா இருக்காதுல்ல?”

எழுத்தையும் ஏற்கும்படி புரோகிராமை மாற்றினார். ரிப்போர்ட் திறந்தது. “அப்பாடா!” என்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகுதான் அந்த எழுத்தைப் படித்தார். மெஷினால் அளக்க முடியாத அளவுக்குச் சர்க்கரை அதிகம் என்று இருந்தது. நர்ஸ் டாக்டரிடம் ஓடினார்.

கம்ப்யூட்டர்காரர் முகம் சுருங்கிவிட்டது. “மன்னிச்சுக்குங்கண்ணே, தெறந்துருச்சேன்னுதான் சிரிச்சேன்.”

நான் தலையை ஆட்டினேன்.

இன்சுலின் ஏற்றி அவளைக் காப்பாற்றிவிட்டார்கள். நான் வெளியே வந்து தேடியபோது கம்ப்யூட்டர்காரர் போய்விட்டிருந்தார். அவள் பிழைத்தது அவருக்குத் தெரியுமோ என்னவோ. அந்தச் சிரிப்பை நினைத்து எத்தனை நாள் வருந்தினாரோ.