இருபது பிரேம்

ராயபுரத்தில் என் ஸ்டூடியோ வாசலில் ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு கம்பியில் தொங்குகிறது. பக்கத்து ஆணியில் ஒரு சுத்தியல். கல்யாண ஆல்பம் பார்க்க வருகிறவர்கள் சும்மா ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். எதற்கு இது என்று கேட்டால் காலிங் பெல், கரண்டு செலவு இல்லை என்பேன். அது பொய். அது எனக்கு விதிக்கப்பட்ட தண்டனை. விதித்தவர்கள் என் அக்கா மகளும் அவளுடைய தோஸ்தும்.

என் அக்கா மகள் அப்போது ப்ளஸ் ஒன். அறிவியலையும் கணக்கையும் பற்றி மாணவர்களே மூன்று நிமிட வீடியோ எடுத்து அனுப்பும் போட்டி ஒன்று வந்தது. யோசிப்பது, எடுப்பது, வெட்டி ஒட்டுவது எல்லாம் பிள்ளைகளே செய்யவேண்டும், வெளியாள் கை படக்கூடாது என்பது விதி. மண்டல அளவில் ஜெயித்தால் மாநிலச் சுற்று. மற்றப் பிள்ளைகள் சோடா மாவில் எரிமலை பொங்கவைத்துக்கொண்டிருந்தபோது, இவள் சத்தம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைப் போனை வைத்தே அளக்கப்போகிறேன் என்றாள். உங்கம்மா என்னைத் திட்டும்போது ஒடனே வந்து சேர்ந்துடுதே, அத்த அளந்தா போதாதா என்றேன். அவள் சிரிக்கவில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கில் நான் மூன்றாவது தடவைதான் தேறினேன். அதுவும் பேப்பர் திருத்தியவருக்கு என் கையெழுத்தைப் படிக்கச் சலித்துப்போயிருக்க வேண்டும். அப்படிப்பட்டவனிடம் இதைப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

தண்டவாளத் துண்டு வந்தது வண்ணாரப்பேட்டையிலிருந்து. அவளுடைய தோஸ்து அங்கே ஒரு பழைய இரும்புக் கடைக்காரரின் மகள். முதலில் காசிமேட்டுக் கடற்கரையில் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். அலை வாயை மூடவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் முதல் பூசை முடிந்த கையோடு, திருவொற்றியூரில் ஒரு மூடிய கம்பெனிக்குப் பின்னால் போகும் நேர் ரோட்டுக்குப் போனார்கள். பள்ளிக்கூடத்து முப்பது மீட்டர் டேப்பை ஏழு தடவை நீட்டி, மேலே இருபது மீட்டர் போட்டு, மொத்தம் இருநூற்று முப்பது மீட்டர் அளந்தார்கள். அந்தக் கோடியில் இரும்புக் கடைக்காரர் மகள் தண்டவாளத் துண்டைச் சுவர்க் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, சுத்தியலைத் தலைக்குமேல் தூக்கி அடித்தாள். இந்தக் கோடியில் இவள் போனை ஸ்டாண்டில் நிறுத்திப் படம் பிடித்தாள். சுத்தியல் இறங்குவது கண்ணுக்கு உடனே தெரியும், சத்தம் ரோடு முழுக்க நடந்து வந்து கொஞ்சம் பிந்திச் சேரும். அந்தப் பிந்தலைத்தான் அவள் அளக்க வந்தாள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த சமாசாரம். அன்று நான் ஒரு ஞானஸ்நான வீட்டில் குழந்தையைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். பல வருஷங்களுக்கு முன் ஒரு மாதா கோயில் கல்யாணத்தில் படமும் சத்தமும் என் கையில் விலகிப்போய்விட்டன. பொண்ணு வாயைத் திறந்து மூடி நின்றாள். 'இவரை என் கணவராக ஏற்றுக்கொள்கிறேன்' என்ற குரல் அடுத்துக் காட்டிய பங்குச் சாமியார் வாயிலிருந்து வந்தது. பொண்ணு வீட்டிலிருந்து போன் செய்து, எங்க மாப்பிள்ளைய ஃபாதரா கட்டிகினாரு என்று கேட்டார்கள். ராயபுரமே ஒரு மாதம் அதைச் சொல்லிச் சிரித்தது. அதிலிருந்து உதடும் குரலும் ஒரு இம்மி விலகினாலும் எனக்கு உடம்பு எரியும். அதோடு இன்னொரு வியாதியும் உண்டு. யார் என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்பதே கிடையாது. பிரசங்கமோ வாழ்த்துரையோ, எனக்குப் பேச்சு என்பது கம்ப்யூட்டரில் ஏறி இறங்கும் ஒரு பச்சைக் கோடு.

வீடியோ அனுப்பவேண்டிய கடைசி நாள் சாயங்காலம் அவள் என் கடைக்கு வந்தாள். போனில் இடம் இல்லை, இலவசமாகக் கிடைத்த ஆப் படத்துக்கு நடுவில் தன் பெயரை முத்திரை குத்துகிறது. படத்தையும், தனியாகப் பேசிப் பதிவுசெய்த விளக்கத்தையும் என் கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டு, போனில் இருந்ததை அழித்தாள்.

"முன்னாடியும் பின்னாடியும் வெட்டி, தலைப்பு போட்டு அனுப்பிடு மாமா. அது மட்டும்னா பரவால்லன்னு மிஸ் சொல்ட்டாங்க. வேற ஒண்ணுத்தையும் தொடாத," என்றாள்.

எந்த வரிசையில் வரவேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டு ட்யூஷனுக்கு ஓடினாள்.

நான் படத்தை ஓட்டினேன். தூரத்தில் ஒரு பெண் சுத்தியலை இறக்குகிறாள். சத்தத்தைக் காணோம். அப்புறம் வருகிறது, டங் என்று. மறுபடி அடிக்கிறாள், மறுபடியும் அப்படியே. எனக்கு ஃபாதர் முகம் ஞாபகத்துக்கு வந்தது. ஐயோ பாவம், சீப்பான போன், குழந்தைகளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். ஒரு நொடி வீடியோ என்பது முப்பது படம்; ஒவ்வொன்றையும் பிரேம் என்போம். சத்தத்தைப் பிடித்து ஒவ்வொரு பிரேமாக முன்னால் இழுத்தேன். சுத்தியல் இரும்பில் படுகிற அதே பிரேமில் டங் வந்து உட்காரும்வரை இழுத்தேன். எண்ணிப் பார்த்தால் இருபது. என் சர்வீஸில் அவ்வளவு தூரம் ஓடிப்போன சத்தத்தை நான் பார்த்ததே இல்லை. அவளுடைய விளக்கத்தைச் சீட்டில் இருந்தபடி முன்னும் பின்னும் ஒட்டினேன். பச்சைக் கோடு நன்றாகத்தான் ஏறி இறங்கியது. தலைப்பைச் சுற்றி ரோஜாப்பூ வைக்கலாமா என்று யோசித்து, அறிவியலாச்சே என்று விட்டேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் புத்தி இருந்தது. போட்டிக்கு அனுப்பியாச்சு என்று அவளுக்கு ஒரு கட்டைவிரல் படம் போட்டேன். டீக்கடைக்குப் போய், இருபது பிரேம் ஓடிப்போச்சு மாஸ்டர், இஸ்துகினு வந்து உக்கார வெச்சேன் என்று மார் தட்டினேன்.

மண்டலச் சுற்று திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. ஒவ்வொரு வீடியோவாகத் திரையில் போட்டு, எடுத்த பிள்ளைகளை மேடையில் நிற்கவைத்து நடுவர்கள் கேள்வி கேட்டார்கள். நான் அக்காவோடு முதல் வரிசையில் கேமராவும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். இவர்கள் முறை வந்தது. திரையில் அவள் குரல்: "இப்போ கவனிங்க. சுத்தியல் இறங்கும். ஆனா சத்தம் உடனே வராது." சுத்தியல் இறங்கியது. டங். சரியாக அதே இடத்தில். மறுபடி அடி, மறுபடி டங்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது பெருமைதான். என்னமாகப் பொருந்தியிருக்கிறது என்று நினைத்தேன். அதிர்ச்சியும் சத்தம் மாதிரிதான் போல, கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. "பாத்தீங்களா, எவ்வளவு லேட்டா வருதுன்னு?" என்று திரையில் அவள் குரல் கேட்டபோது, ஹாலில் பின் வரிசையில் ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். பிறகு ஹாலே சிரித்தது. கேமரா மடியில் சரிந்ததுகூடத் தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் வீடியோவில் இருந்ததே அந்தப் பிந்தல் ஒன்றுதான். அதைத்தான் நான் துடைத்தெடுத்துவிட்டு டீக்கடையில் பேசியிருக்கிறேன். இருபது வருஷம் அடுத்தவர்கள் கல்யாணத்தைப் படமெடுத்தவன், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பேச்சை முழுசாகக் கேட்டேன். கேட்ட நேரம்தான் கெட்ட நேரம்.

நடுவராக வந்திருந்த பேராசிரியை படத்தை நிறுத்தச் சொன்னார். கோபமில்லாத குரலில்தான் கேட்டார்.

"சத்தம் கூடவே வருதேம்மா. அப்போ படிவத்துல நொடிக்கு முந்நூத்தி நாப்பத்தஞ்சு மீட்டர்னு எழுதியிருக்கியே, அது எங்கிருந்து வந்தது? புத்தகத்துலேர்ந்தா?"

மேடையில் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அவளும் அந்த வீடியோவை இப்போதுதான் பார்க்கிறாள். நடுவரைப் பார்க்கவில்லை, திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அவள் என்ன எடைபோட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. மாமா கை வைத்துவிட்டார் என்று சொன்னால் விதிப்படி போட்டியிலிருந்து வெளியே. சொல்லாவிட்டால், அளக்காமலே அளந்ததாகச் சொன்ன பொய்க்காரி. எடுத்துக் காட்ட அசல் வீடியோவும் போனில் இல்லை, ராயபுரத்தில் என் கம்ப்யூட்டரில் கிடந்தது. பக்கத்தில் அவளுடைய தோஸ்து சுத்தியல் பிடித்த கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு நின்றாள்.

நான் எழுந்தேன். "சத்தத்த நான்தான் முன்னால இஸ்துட்டேன் மேடம்," என்றேன்.

ஹால் இன்னும் பெரிதாகச் சிரித்தது. அங்கே வந்திருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டு விசேஷத்தில் நான் கோமாளித்தனம் செய்து சிரிக்க வைத்திருக்கிறேன். இதுவும் அதில் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை நிஜத்தைச் சொல்ல எழுந்தால் அதற்கும் கைதட்டல். நான் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருந்தபோது, மேடையில் அவள் மைக்கை வாங்கினாள்.

"மாமா, எத்தினி பிரேம் இஸ்த?"

"இருபது."

"நல்லா தெரியுமா?"

"ஊருக்கே சொல்லிகினு இருந்தேனே. இருபதுதான்."

அவள் தன் நோட்டைத் திறந்து பேராசிரியையிடம் கொண்டுபோய் வைத்தாள். ஐந்து அடிக்கும் ஐந்து வரி எழுதியிருந்தாளாம். ஒவ்வொன்றிலும் பிந்தல் இருபது பிரேம். பேராசிரியை நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்த நோட்டை நீங்கள் முன்னால் படித்தீர்களா என்று கேட்டார். அந்த மாதிரி நோட்டைத் திறந்தாலே எனக்குத் தூக்கம் வந்துடும் மேடம் என்றேன். இந்தத் தடவை சிரிப்பு வந்தபோது எனக்குப் பரவாயில்லாமல் இருந்தது. எதைப் பார்த்து இருபது என்று நிறுத்தினீர்கள் என்றார். சுத்தியும் சத்தமும் ஒண்ணா உக்கார்ற வரைக்கும் இழுத்தேன், அவ்வளவுதான் என்றேன். முப்பதில் இருபது என்றால் ஒரு நொடியில் மூன்றில் இரண்டு பங்கு. இருநூற்று முப்பது மீட்டரை அதால் வகுத்து, ஒரு தாளில் தானே போட்டுப் பார்த்தார். முந்நூற்று நாற்பத்தைந்து.

"ஒரே அளவை ரெண்டு பேர் தனித்தனியா எடுத்திருக்காங்க," என்று மைக்கில் சொன்னார். "அதுல ஒருத்தருக்குத் தான் அளக்குறோம்னே தெரியாது. இந்தப் பொண்ணு பொய் சொல்லல."

சிரிப்பு நின்றிருந்தது. அடுத்ததையும் அவர்தான் சொன்னார்: வெளியாள் கை பட்டதால் வீடியோவைப் போட்டியில் சேர்க்க முடியாது, விதி விதிதான். அவள் தலையாட்டிவிட்டு நோட்டை வாங்கிக்கொண்டு இறங்கிவந்தாள். மாநிலச் சுற்றுக்கு ஒரு எரிமலை போனது.

திரும்பும்போது ரயிலில் அக்கா, தொடாதன்னா தொடுவியே, சின்ன வயசுலேர்ந்து அப்டிதான் என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். தண்டையார்ப்பேட்டை தாண்டியது. கொருக்குப்பேட்டையில் வண்டி சும்மா நின்றபோது, இரும்புக் கடைக்காரர் மகள் முதலில் சிரித்தாள். கணக்குல மூணு தடவ குந்தின ஆளு சத்தத்த அளந்துகீறாரு என்றாள். என் அக்கா மகளுக்கும் சிரிப்பு வந்தது. வரும்போதே கண்ணும் நிறைந்தது.

"போட்டி போவட்டும் மாமா. பொய்க்காரின்னு பேர் வாங்கினு வூட்டுக்குப் போயிருந்தா உன்ன கொன்னுருப்பேன்," என்றாள்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் அந்தத் தண்டவாளத் துண்டை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து என் கடை வாசலில் கட்டினார்கள். "கை சும்மா இருக்க மாட்டேன்னா இத்த அடி மாமா. வீடியோவத் தொடாத," என்று தீர்ப்புச் சொன்னது இரும்புக் கடைக்காரர் மகள்தான்.

இப்போது என் அக்கா மகள் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கி இயற்பியல் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் வருவாள். அந்த ஊரில் நெட்வொர்க் கலீஜ். உதடு முதலில் அசையும், குரல் பின்னால் ஆடி அசைந்து வரும். எனக்கு உடம்பு எரியும். விரல் தானாக மேஜையில் ஏதோ பட்டனைத் தேடும். அவளுக்கு அது தெரியும். வேண்டுமென்றே நீளமாகப் பேசுவாள். தாங்கமுடியாத கட்டத்தில் போனோடு வாசலுக்குப் போய்ச் சுத்தியலை எடுப்பேன். இந்த வாரமும் எடுத்தேன். ஓங்கி ஒரு அடி. எதிர்க் கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். திரையில் அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அவளுக்கு இன்னும் கேட்கவில்லை. சிரிப்பு வந்து சேருவதற்குள் எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று.