அடுத்து அக்காவின் நாலு நிமிடம்

எங்கள் சமுதாய வானொலி நிலையம் ஒரு லாண்டரியின் மாடியில் இருக்கிறது. இரண்டு அறைகள். கீழே பெரிய இயந்திரம் துணி பிழியச் சுற்றும்போது தரை லேசாக அதிரும். அந்த நேரத்தில் யாரும் ஒலிப்பதிவு செய்வதில்லை. நான் அங்கே ஒலிக்கருவிகளைப் பார்த்துக்கொள்பவன். அதனால்தான் இந்தக் கதையில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

நிலையத்தில் நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவருக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். கடையின் பின்பக்கம் ஒரு சின்ன மேசை, அதில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம். சட்டத்தின் வடிவத்துக்கு லென்ஸைத் தேய்த்து, விளிம்பை மழுங்கடித்து, மாட்டித் தருவார். கூட்டம் இருந்தால் முன்னால் வந்து டோக்கன் எண்களையும் அவரே கூப்பிடுவார். "அடுத்து, இருபத்தி மூணு. அடுத்து, இருபத்தி நாலு." எங்கள் நிலையப் பொறுப்பாளர் அம்மா அங்கே கண்ணாடி மாற்றப் போயிருந்தபோது, தன் எண்ணைக் கூப்பிட்ட பிறகும் எழுந்திருக்காமல் அந்தக் குரலையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பிறகு நேராக மேசைக்குப் போய், "ரேடியோவுல வந்து படிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

"எனக்கு என்னங்க தெரியும்?" என்றார் அக்கா.

"ஒண்ணும் தெரிய வேண்டாம். தாள்ல இருக்கும். அதப் படிச்சாப் போதும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, வரும் வாரத்தின் இசை, கலை நிகழ்ச்சிகளை நாலு நிமிடத்தில் படிப்பார். ஜாஸ் நேரம், உலக இசை, ஓவியக் கண்காட்சிகள், நாடகம், புத்தகப் பேச்சு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் டோக்கன் பழக்கத்தில் "அடுத்து" என்பார். ஊரில் அவருக்கு 'அடுத்து அக்கா' என்று பெயர் வந்துவிட்டது. காய்கறிக் கடையில் கூட, "அடுத்து அக்கா வந்துட்டாங்க, வழி விடுங்க" என்பார்கள். அவருக்கும் அதில் வருத்தமில்லை.

பதினோரு வருடம் இப்படியே போயிற்று. இதில் ஒரு விஷயம் எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை. அந்தப் பதினோரு வருடத்தில், தான் அறிவித்த நிகழ்ச்சிகளில் ஒன்றைக்கூட அக்கா கேட்டதில்லை. வேண்டாமென்று இல்லை. ஜாஸ் வரும்போது வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருப்பார். உலக இசை வரும்போது கடையில் கூட்டம். ஜாஸ் என்பது அவருக்கு ஒரு பஸ்ஸின் பெயர் மாதிரி. இத்தனை மணிக்கு வரும், வேண்டியவர்கள் ஏறிக்கொள்ளட்டும் என்கிற கணக்கு.

இன்னொரு விஷயம், நாற்பத்தாறு வயதில் அவருக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியத் தொடங்கியிருந்தது. கடைக்கு வருகிற அத்தனை பேரிடமும், "நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதான், கண்ணாடி போட்டுக்குங்க" என்று சொல்கிறவர், தனக்கு மட்டும் செய்துகொள்ளவில்லை. தாளைக் கை நீட்டும் தூரத்துக்குப் பிடித்துப் படித்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். கை நீளம் போதாமல் போன ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.

அன்றைய தாளில் ஒரு வரி இப்படி இருந்தது: ஞாயிறு காலை பதினொரு மணி, ஜாஸ் நேரம், சாக்ஸபோன், பியானோ, டிரம்ஸ், மூவர் கச்சேரி. அதற்கு அடுத்த வரி, அதே நாள் அதே நேரம் ஓர் ஓவியரின் பட்டறையைப் பொதுமக்கள் நேரில் வந்து ரசிக்கலாம், அனுமதி இலவசம் என்பது. அக்காவின் கண் முதல் வரியின் முடிவிலிருந்து இரண்டாவது வரியின் நடுவில் போய் விழுந்தது. காற்றில் போனது இதுதான்: "அடுத்து, ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஜாஸ் நேரம். சாக்ஸபோன், பியானோ, டிரம்ஸ், மூவர் கச்சேரி. நேரில் வந்து ரசிக்கலாம். குழந்தைகளையும் அழைத்து வரலாம். அனுமதி இலவசம்." கடைசியில் வழக்கம்போல நிலையத்தின் முகவரியைச் சொல்லி முடித்தார்.

நான் எதிரே ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஒலி அளவு காட்டும் முள்ளைப் பார்த்தேனே தவிர, வார்த்தையைக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு லாண்டரிக்காரர் மாடிக்கு ஓடி வந்தார். "என்னய்யா, படியெல்லாம் ஆளு? துணி வாங்க வர்றவங்க உள்ள வர முடியல!"

எட்டிப் பார்த்தேன். மாடிப்படியில் முப்பது, முப்பத்தைந்து பேர். கைக்குழந்தையோடு ஒரு பெண். நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஒரு தம்பதி. மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஒரு பெரியவர். நிலையத்தில் என்னைத் தவிர ஈ காக்கை இல்லை. ஜாஸ் நேரத்தை நடத்துபவர் பல் டாக்டர். அவர் பேசுவதையும் போடுகிற இசையையும் வியாழக்கிழமையே பதிவு செய்து கொடுத்துவிடுவார். கேட்டதற்கு, அக்கா அறிவித்த கச்சேரிக்கு வந்திருப்பதாகச் சொன்னார்கள். நான் அக்காவுக்குப் போன் செய்தேன்.

கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். தலை ஈரம், வீட்டில் உடுத்தும் உடுப்பு. நான் ஏதோ சமாளித்துச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். அவர் நாலாவது படியில் நின்றுகொண்டு, கடையில் எண் கூப்பிடும் அதே குரலில் சொன்னார்.

"தப்பு என்னோடது. ஒரு வரிய விட்டுட்டுப் படிச்சுட்டேன். இங்க கச்சேரி கிடையாது. மன்னிச்சுக்குங்க."

"அப்ப ஜாஸ் இல்லையா?" என்றார் நாற்காலிக்காரர்.

"ஜாஸ் இருக்கு. வாசிக்கிறவங்கதான் இல்ல. அவங்க எங்கயோ எப்பவோ வாசிச்சத இங்க போடுவாங்க."

"அத வீட்டுலயே கேட்டிருப்பமே!"

"ஆமா. அதுக்குத்தான் மன்னிப்புக் கேக்குறேன்."

பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள். மற்றவர்கள், வந்தது வந்தோம், உட்கார்ந்துவிட்டுப் போகிறோம் என்றார்கள். நான் ஒலிபெருக்கியை வெளியே இழுத்து மாடிப்படி முகப்பில் வைத்தேன். லாண்டரிக்காரர் என்ன நினைத்தாரோ, இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவரும் ஒரு படியில் உட்கார்ந்தார். அக்காவுக்கு வீட்டுக்குப் போகவும் முகமில்லை, உள்ளே வரவும் முகமில்லை. சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

கச்சேரி தொடங்கி ஏழு நிமிடம் இருக்கும். கைக்குழந்தைக்காரப் பெண் அக்காவின் பக்கம் குனிந்து, "இது எப்பங்க ஆரம்பிக்கும்?" என்று கேட்டார்.

அக்கா சற்று யோசித்து, "இதுதான்னு நினைக்கிறேன்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் பியானோவும் சாக்ஸபோனும் ஓய்ந்து, டிரம்ஸ் மட்டும் தனியாக, கம்பித் தூரிகையால் வருடுகிற மாதிரி வந்தது. படியில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அக்கா தலையைச் சாய்த்துக் கேட்பதைப் பார்த்தேன். மறுபடி சாக்ஸபோன் சேர்ந்துகொண்டபோது நாற்காலிக்காரர், "ஆங்!" என்று தொடையைத் தட்டினார். யாரோ சொல்லிப் பல் டாக்டர் மூச்சிரைக்க ஓடி வந்தபோது, ஒலிபெருக்கியில் அவர் குரலே பேசிக்கொண்டிருந்தது. கூட்டம் அவரையும் ஒலிபெருக்கியையும் மாறி மாறிப் பார்த்தது. மனிதர் காது வரை சிவந்துபோனார்.

எல்லோரும் போன பிறகு அக்கா என்னிடம் சொன்னார்: "தம்பி, பதினோரு வருஷமா ஊரையே கல்யாணத்துக்குக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன். பொண்ணு யாரு, மாப்பிள்ளை யாருன்னு எனக்கே தெரியாது."

"கண்ணு தப்பிடுச்சு. அதுக்கு என்ன பண்றது?" என்றேன்.

"கண்ணு தப்பினது ஒண்ணு. நிகழ்ச்சியக் கேட்டிருந்தா, வாயில வரும்போதே தப்புன்னு காது பிடிச்சிருக்கும்ல?"

மறுநாள் திங்கட்கிழமை, கடையில் முதல் வேலையாகத் தனக்கு ஒரு கண்ணாடி தேய்த்துக்கொண்டார். வியாழக்கிழமை கடைக்கு அரை நாள் விடுமுறை. மதியம் இரண்டு மணிக்கு ஒரு நோட்டோடு நிலையத்துக்கு வந்து, "எல்லாத்தையும் போட்டுக் காட்டு" என்று பின்னறையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வாரத்துக்கு வந்திருந்த பதிவுகள் ஐந்து மணி நேரம். ஏழு மணி வரை கேட்டார்.

அடுத்த நாள் அவர் தாளை அப்படியே படிக்கவில்லை.

"அடுத்து, ஞாயிறு காலை ஜாஸ் நேரம். மொதல் பத்து நிமிஷம் ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும். ரேடியோவ அணைச்சுடாதீங்க. பத்தாவது நிமிஷத்துக்கு மேல ஒரு ட்ரம்பெட் வருது, அதுக்காக உக்காந்திருக்கலாம். அடுத்து, செவ்வாய்க்கிழமை நாடகம். சத்தம் போட்டுச் சண்டை போடுற நாடகம், சின்னப் பிள்ளைங்க தூங்குற வீட்டுல சத்தத்தக் குறைச்சு வச்சுக் கேளுங்க."

நான் திகைத்துப் போய்ப் பார்த்தேன். பொறுப்பாளர் அம்மா கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்று சிரித்தார், பிறகு கவலைப்பட்டார், பிறகு மறுபடி சிரித்தார்.

அக்காவின் கணவர் பஸ் ஓட்டுநர். அதிகம் பேசாதவர். அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து வந்து மனைவியிடம் சொன்னாராம்: "நீ சொன்னேன்னு டிப்போல ஏழு பேர் கேட்டோம். மூணு பேர் உன்னத் திட்டிட்டு எழுந்து போனாங்க. நாங்க நாலு பேரு ட்ரம்பெட் வர்ற வரைக்கும் இருந்தோம்."

"வந்துச்சா?"

"வந்துச்சு."

சிக்கல் வந்தது பூகோள சாரிடமிருந்து. அவர் பள்ளியில் பூகோள ஆசிரியர், சனிக்கிழமை மாலை உலக இசையை நடத்துபவர். எந்தெந்த மலையில், எந்தெந்தத் தீவில் யார் என்ன பாடுகிறார்கள் என்று தேடித் தேடிச் சேர்ப்பார். ஒரு பாட்டுக்காக மூன்று மாதம் கடிதம் எழுதியவர். அவருடைய நிகழ்ச்சியைப் பற்றி அக்கா சொன்னது இது: "அடுத்து, உலக இசை. தீவுல படகு வலிக்கிறவங்க பாட்டு. பாட்டு ரொம்ப நல்லா இருக்கு. பாட்டு வர்ற வரைக்கும் கொஞ்சம் பொறுமையா இருங்க."

பூகோள சார் அடுத்த நாளே வந்து நின்றார். "என் நிகழ்ச்சிக்கு ஆள் கூப்பிடச் சொன்னா, ஆள விரட்டுறாங்களே! இவங்க அறிவிப்பாளரா, பரிசோதகரா? இனிமே என் நிகழ்ச்சியப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது."

பொறுப்பாளர் அம்மா அக்காவிடம் சொன்னார். அக்காவும் சரி என்று தலையாட்டினார். வெள்ளிக்கிழமை படித்தார்: "அடுத்து, சனிக்கிழமை அஞ்சு மணிக்கு உலக இசை. இதப் பத்தி ஒண்ணும் சொல்ல வேண்டாம்னு நடத்துறவர் கேட்டுக்கிட்டார்."

அவர் குத்திக் காட்டவில்லை. கேட்டுக்கொண்டதை அப்படியே சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சனிக்கிழமை வழக்கத்தைவிட அதிகம் பேர் உலக இசையைக் கேட்டார்கள். அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கக் கேட்டிருப்பார்கள். கேட்டவர்களில் ஆறு பேர் நிலையத்துக்குப் போன் செய்தார்கள். ஆறு பேரும் அக்கா முன்பு சொன்ன அதே விஷயத்தைத்தான் சொன்னார்கள். அதைப் பூகோள சாரிடம் சொல்லும் தைரியம் எனக்கில்லை. பொறுப்பாளர் அம்மாதான் சொன்னார்.

பத்து நாள் கழித்து, ஒரு வேலைநாள் மாலையில், பூகோள சார் கண்ணாடிக் கடைக்குப் போனார். அவர் கண்ணாடியில் ஒரு பழுதும் இல்லை. பையிலிருந்து ஹெட்போனையும் சின்னக் கருவியையும் எடுத்து மேசைமேல் வைத்து, "இந்த வாரத்துது. கேட்டுட்டு என் முகத்துக்கு நேரா சொல்லுங்க" என்றார்.

அக்கா இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கையை மட்டும் சும்மா வைக்காமல், முன்பே தேய்த்து வைத்திருந்த லென்ஸுகளைச் சட்டங்களில் மாட்டிக்கொண்டே கேட்டார். பூகோள சார் வாடிக்கையாளர் நாற்காலியில், தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு அக்கா ஹெட்போனைக் கழற்றினார்.

"ஆடு மேய்க்கிறவங்க பாட்டு எனக்குத் திரும்பக் கேக்கணும் போல இருக்கு சார்."

"அப்புறம்?"

"அதுக்கு முன்னாடி நீங்க பேசுறது நீளம்."

"எவ்வளவு நீளம்?"

"நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு கண்ணாடி முடிச்சுட்டேன்."

அவர் மேசைமேல் இருந்த இரண்டு கண்ணாடிகளையும் பார்த்தார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அந்த மலைல மழை எத்தன அங்குலம்னு சொல்லலேன்னா, அந்தப் பாட்டுல எதுக்கு அவ்வளவு அழுகைன்னு எப்படிப் புரியும்?"

"மழைய வைங்க சார். மழை வேணும். அந்த ரயில் பாதை, அந்தச் சுரங்கம், அதெல்லாம் எதுக்கு?"

அவர் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அக்கா அன்று இரவு சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்ததாகப் பிறகு அவர் மகள் சொன்னாள். "ஒரு மனுஷன் மூணு மாசம் கஷ்டப்பட்டுச் சேத்தத நான் அஞ்சு வார்த்தைல உடைச்சுட்டேன்" என்றாராம். மகள், "அவர் கேட்டாரு, நீ சொன்ன. சாப்பிடும்மா" என்றிருக்கிறாள்.

வியாழக்கிழமை பூகோள சாரின் பதிவு வந்தது. நானும் அக்காவும் சேர்ந்து கேட்டோம். ரயில் பாதையும் சுரங்கமும் போயிருந்தன. மழை இருந்தது. ஆனால் வேறு இடத்தில், பாட்டு முடிந்த பிறகு. பாட்டைக் கேட்டுவிட்டு அந்த மழையைக் கேட்டபோது எனக்கே என்னவோ செய்தது. அக்கா நோட்டில் எதையோ எழுதி, அடித்து, மறுபடி எழுதினார். வெள்ளிக்கிழமை சொன்னது ஒரே வரிதான்: "அடுத்து, உலக இசை. பாட்டு முடிஞ்சதும் எழுந்து போயிடாதீங்க, அதுக்கப்புறம் சார் பேசுறதக் கேளுங்க." சனிக்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் பூகோள சார் நிலையத்துக்கு ஒரு பெட்டி பிஸ்கட் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதற்கென்று சொல்லாமல் போனார்.

பிறகு நிர்வாகக் குழு கூடி ஒரு விதி எழுதியது. அக்கா என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் அதை நிகழ்ச்சி நடத்துபவரிடம் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். இதனால் வியாழக்கிழமை மாலைகளில் அவருக்குப் போன் வேலை கூடியது. புத்தகப் பேச்சு நடத்துபவர் மட்டும் இன்னும் அவர் போனை எடுப்பதில்லை. நாலு நிமிடம் ஏழு நிமிடமானது. மாதத்தில் ஒரு ஞாயிறு மாடிப்படியில் ஒலிபெருக்கி வைப்பது என்றும் முடிவானது. லாண்டரிக்காரர்தான் அதைக் கேட்டு வாங்கினார்.

போன மாதம் பொறுப்பாளர் அம்மா அக்காவிடம், "உங்களுக்குன்னு அரை மணி நேரம் தரேன், உங்களுக்குப் பிடிச்ச இசையப் போடுங்க" என்றார். அக்கா இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து வேண்டாம் என்றார்.

"ஏன்?" என்று கேட்டேன்.

"எனக்குப் பிடிச்சது எதுன்னு இன்னும் முடிவாகல, தம்பி. இந்த வியாழன் ஒண்ணு பிடிக்குது, அடுத்த வியாழன் அது மாறிப்போகுது" என்றார். பிறகு பின்னறைக்குப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, போடு என்று கையைக் காட்டினார்.