வெள்ளாட்டி ஒருத்தி

பதிவான ஆவணத்தின் நகலைக் கட்டணம் கட்டிக் கேட்டவருக்குத் தர வேண்டும் என்பது பதிவுச் சட்டம், ஐம்பத்தேழாம் பிரிவு. எத்தனை நாளில் என்பதை அந்தப் பிரிவு நம் பொறுமைக்கு விட்டிருக்கிறது. கடலூரில் அரசுக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு இது தெரியாததல்ல.

நான் கேட்டது எங்கள் சிதம்பரம் வீட்டின் பழைய சீதனப் பத்திரம். வீட்டுப் பிரதியில் பாதியைக் கறையான் தின்றிருந்தது. மீதியில், 'பால் பசு இரண்டு, பித்தளை அண்டா நான்கு, வெள்ளாட்டி ஒருத்தி.' வெள்ளாட்டி என்றால் வீட்டு வேலைக்காரி. கூலிக்கு வருபவள் அல்ல. மணப்பெண்ணோடு சீராக அனுப்பப்பட்டவள். ஒரு காலத்தில் விற்கவும் வாங்கவும் பட்டவள். அடிமை முறையை ஒழித்த சட்டம் வந்து வெகுகாலமாகியும் எங்கள் பத்திர எழுத்தருக்குத் தகவல் போகவில்லை போலும். அடுத்த வரி, 'அவள் வழியாருக்குப் பின்கட்டு அறை' என்று தொடங்கி ஓட்டையில் முடிந்தது.

புவனகிரியிலிருந்து அப்படி வந்தவளின் கொள்ளுப்பேத்தி அந்த அறையில்தான் இருந்தாள். அறுபது வயது. போக வேறு இடமில்லை. வீடு என் தங்கை பங்கு. அவள் கணவர் விற்கப் பேசிவிட்டார்.

"ஆளக் காலி பண்ணித்தான் தரணுமாம், மச்சான்."

"நகல் வரட்டும்."

"உங்க ஆபீஸ்காரங்க அனுப்பறதுக்குள்ள கறையான் மீதி வூட்டயும் தின்னுடும்."

பின்கட்டு அறையில் இருந்தவள் கேட்டாள்: "என்னை எங்கயும் அனுப்பிட மாட்டாங்கல்ல, அய்யா?"

"பேப்பர் வரும். அதுவரைக்கும் சும்மா இரு."

வழக்கறிஞரைப் பார்த்துத் தடை வாங்கியிருக்கலாம். நான் ஒப்புகை அட்டையோடு மூன்று நினைவூட்டுக் கடிதங்கள் அனுப்பினேன். இதற்குள் பின்கட்டுச் சுவரில் யாரோ சிவப்புப் பெயின்டில் கோடு இழுத்தார்கள். அடுத்த வாரம் அந்த அறைக்குப் போகும் மின்கம்பி அறுந்தது. அன்று காற்றே அடிக்கவில்லை.

பிறகு தங்கை கணவர் ஒரு தாளோடு அவளிடம் போயிருக்கிறார். எங்கள் வீட்டார் நீட்டிய தாளில் கைநாட்டு வைப்பது நான்கு தலைமுறையாக அவள் குடும்பத்து வழக்கம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பது வழக்கமில்லை. இவள் மட்டும் கேட்டாளாம்.

"அய்யா சொன்ன பேப்பரா?"

"அதேதான்."

சந்தோஷமாக வைத்தாளாம்.

நான் போனபோது அறை இருந்த இடத்தில் செங்கல் குவிந்திருந்தது. சேத்தியாத்தோப்பில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். விசாரித்தேன். அங்கே அவளுக்குச் சொந்தமென்று யாரும் இல்லை.

நகல் வந்தது. 'வம்சம் உள்ளவரை எவரும் வெளியேற்றலாகாது' என்று முடிந்தது அந்த வரி. உறை என் கைக்கு வந்த நாள் ஆகஸ்ட் இருபத்தேழு. அறையை இடித்தது இருபத்தொன்று.