ஓசூரில் ஒரு படகுக்கு வயரிங்

ஓசூர் பைபாஸில் ஒரு லாரி எலக்ட்ரிக் கடை முன்னால், டிரெய்லரில் என் பாய்மரப் படகு நிற்கிறது. டீ குடிக்க வந்த ஒருவர், கடல் எங்கே என்று கன்னடத்தில் கேட்டுவிட்டுப் போகிறார்.

நாளை காலை புதுச்சேரியில் இதை நான் தண்ணீரில் இறக்கியாக வேண்டும். ஆனால் சோலார், இன்ஜின் டைனமோ, கரையில் செருகும் சார்ஜர் மூன்றையும் ஒரே பேட்டரியில் நானே இணைத்ததில் வயர் கருகிவிட்டது.

நான் வரைந்த நான்கு பக்க வயரிங் படத்தைக் கடைக்காரர் அன்வர் பாயிடம் நீட்டுகிறேன். அவர் அதை மடித்து டீ டம்ளருக்கு அடியில் வைக்கிறார்.

"மூணும் ஒண்ணோட ஒண்ணு மோதிக்காதா பாய்?"

"எங்க வீட்டு சம்ப் தொட்டிக்கு போர்வெல் தண்ணி வருது, கார்ப்பரேஷன் தண்ணி வருது, டேங்கரும் ஊத்துது. சண்டையா போட்டுக்குது? திரும்பிப் போகாம பைப்புக்கு ஒரு வால்வு. அவ்ளோதான் சார்."

வால்வுக்குப் பதிலாக ஒவ்வொரு வயரிலும் ஒரு டையோடும் ஃபியூஸும் மாட்டுகிறார். வேலை முடிந்தால் ஹாரன் அடித்துப் பார்ப்பது கடை வழக்கம். படகில் ஹாரன் இல்லாததால் கைக்கு எட்டிய ஸ்விட்ச்சைத் தட்டுகிறார். உள்ளே குட்டி ஃபேன் சுழல்கிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பாய் ஃபேனையே பார்க்கிறார்.

"இது காத்துலதானே சார் ஓடும்?"

"ஆமா பாய். இன்ஜின் சும்மா துணைக்குத்தான்."

"காத்துல ஓடுற படகுக்கு ஃபேன் எதுக்கு சார்?"

டம்ளரைத் தூக்கி, என் நான்கு பக்கங்களிலும் ஃபேனைத் தேடுகிறேன்.