கடலில் தள்ளாத டிரம்

கப்பல் ஏஜெண்ட் கம்பெனியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, சேர்ந்து எனக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. மலாயாவுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த மறு வருஷம். காஜா பேராங்கிலிருந்து சைக்கிளில் ஆற்றுமுகத்துக்குப் போவேன். மலாக்காவில் பெரிய கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போடும். தொங்காங் என்ற சரக்குப் படகுகள் போய்ச் சாமான்களை ஏற்றி வரும். வழியில் ஏதாவது உடைந்தால் கடலில் தள்ளிவிடுவது வழக்கம். கடல் உள்வாங்கி நீர் வற்றும்போது எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று நம்பினோம். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

அன்று தொங்காங்கில் பாதி அரிசி மூட்டை, பாதி எஸ்டேட்டுகளில் களையைக் கொல்லும் புல்மருந்து டிரம். திரும்பும் வழியில் ஒரு டிரம்மின் அடித்தகட்டுத் தையல் விட்டு, மருந்து அரிசிப் பக்கம் ஓட ஆரம்பித்தது. கூட வந்த பெரிய கிராணிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பாய், அதத் தூக்கிக் கடல்ல போடுங்க. அரிசி கெட்டுச்சுன்னா என் வேலையும் போயிரும், உங்க வேலையும் போயிரும்."

படகோட்டி காதர் பாய் டிரம்மில் கை வைத்தார். நான் குறுக்கே நின்றேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் நான் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். அந்த மருந்து அடித்த புல்லை மேய்ந்து எங்கள் மாடு நுரை தள்ளிச் செத்ததைக் கண்ணால் பார்த்தவன்.

"ஐயா, இது வெசம். அங்க பாருங்க."

கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் ஆண்களும் பெண்களுமாகத் தள்ளுவலையில் கெராகாவ் என்ற பொடி இறாலை வாரிக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணி வத்துனா வெளிய போயிரும்லா. நீ நகரு. வேல வேணுமா, வேணாமா?" என்றார் பெரிய கிராணி.

காதர் பாய் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். "கிராணி, இன்னிக்குக் கப்பல் லேட்டு. வத்துற நேரம் போயிருச்சு. இப்ப தண்ணி ஏறுது. போட்டா நேரா அவங்ககிட்டதான் போவும்."

பெரிய கிராணி கெட்டவர் அல்ல, பிள்ளைகுட்டிக்காரர். "அப்ப அரிசிய என்ன செய்யிறது? அதையும் ஜனங்கதான சாப்பிடுது" என்றார். மருந்துக்கும் முதல் மூட்டைக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

"கவுத்துப் போடலாம். கோணிய எடு" என்றார் பாய்.

பெரிய கிராணியும் வெள்ளைச் சட்டையைக் கழற்றினார். கையில் கோணியைச் சுற்றிக்கொண்டு மூவரும் புரட்டினோம். படகு ஒரு பக்கம் சாய, டிரம் என் கால்மேல் வந்தது. பாய் தோள் கொடுத்துத் தாங்கினார். தையல் மேலே வந்ததும் கசிவு நின்றது. கொட்டிய மருந்தைக் கோணிகளால் அணை கட்டித் தடுத்தோம். அரிசி தப்பியது, வலைக்காரர்களும் தப்பினார்கள். அவர்கள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கரையில் இறக்கியபின் அந்த டிரம்மை எங்கே வைப்பது என்று ஆபீசில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதுவரை எங்களுக்குக் கடல்தான் குப்பைக்கூடை. வேறு இடம் வேண்டும் என்று யாரும் யோசித்ததே இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

கடல் பெரியது, எல்லாவற்றையும் தாங்கும் என்று இப்போதும் சிலர் சொல்கிறார்கள். பெரியதுதான். ஆனால் மனிதனுக்குச் சோறு போடுகிற இடத்தில் அது இடுப்பளவுதான் இருக்கிறது.