விமானத் திட்டத்துக்காகப் பெடாஸ் செம்பனைத் தோட்டம் போனோம்

கோப்பிக்கடையில் இரண்டு வருஷமாக ஒரு பொய் சொல்லி வந்தேன்: என் தங்கை சாந்தி விமானம் ஓட்டுகிறாள் என்று. அவள் ஓட்டுவதில்லை. சின்ன விமானங்கள் செய்யும் கம்பெனியில், அடுத்து எதைச் செய்வது, எப்போது செய்வது என்று திட்டம் போடும் பிரிவில் இருக்கிறாள். போன மாதம்தான் அந்த வேலை எனக்கு ஒழுங்காகப் புரிந்தது. ஓட்டுவதைவிடப் பெரிய வேலை. பொய்யைக் குறைத்துச் சொல்லியிருக்கிறேன்.

அவள் தலைவலி இதுதான். வட்டி ஏறிவிட்டது, எண்ணெய் விலை ஏறிவிட்டது, விமானம் வாங்குகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பாதி வரைந்த புது விமானத்தை நிறுத்திவிட்டு, வரைகிறவர்களை வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறது மேலிடம். கூடாது என்பது சாந்தி கட்சி. திங்கட்கிழமை முதலாளிகள் முன்னால் பேச வேண்டும். எடுபடாவிட்டால் பதினோரு பேருக்கு வேலை போகும், அவளையும் சேர்த்து.

"தோட்டத்துல கிழட்டு மரத்த வெட்டிட்டு மறுநடவு செய்யிறத எப்படி முடிவு பண்றாங்கன்னு பார்க்கணும்ண்ணே. அதுவும் இன்னிக்கு விலைய வச்சு, பல வருஷம் கழிச்சு வர்ற காசுக்குப் போடுற திட்டந்தானே" என்றாள். ஆறாம் வகுப்போடு நின்றவனிடம் இவ்வளவு படித்தவள் வழி கேட்கிறாள். விடுவேனா?

சனிக்கிழமை காலை 7.10க்குச் சிரம்பானிலிருந்து கிளம்பினோம். பழைய சாலை, டோல் இல்லை. பெடாஸ் வரை என் மீட்டரில் 27 கிலோமீட்டர், நாற்பது நிமிடம். அங்கே ரொட்டி சானாய் நான்கு, தே (டீ) இரண்டு: பத்து ரிங்கிட் நாற்பது சென். (மூன்று ரொட்டி என்னுடையது.) தோட்டம் இன்னும் 6 கிலோமீட்டர். கடைசி இரண்டும் செம்மண் பாதை.

மண்டோர் அந்தோணி என் பழைய பந்தாட்டக் கூட்டாளி. இப்போது முப்பது பேருக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறான். "டேய், பைலட் எங்கடா?" என்றான். பொய் அங்கேயும் போயிருந்தது.

"ஏரோப்ளேன் இன்னும் வரைஞ்சு முடியலண்ணே, அதான் கார்ல வந்தேன்" என்றாள் சாந்தி.

பாதைக்கு ஒரு பக்கம் கிழட்டு மரங்கள், மறுபக்கம் முழங்கால் உயரக் கன்றுகள். அந்தோணி இரண்டையும் காட்டினான். "விலை நல்லா இருந்தா வெட்ட மனசு வராது தங்கச்சி. விழுந்தா வெட்டக் காசு இருக்காது. அதான் எங்க மேனேஜரு விலையே பார்க்கிறதில்ல. வருஷத்துக்கு ஒரு பிளாக், ஒரு துண்டு நிலம், வெட்டி நடுவோம். மூணு வருஷத்துல காய்க்கும். ஒங்க ஏரோப்ளேன்?"

"எட்டு வருஷம்ண்ணே."

"அம்மாடி! எங்கள விடப் பாவம் லா நீங்க."

சாந்தி விடவில்லை. "நீங்க பிளாக் பிளாக்கா வெட்டலாம். நான் பாதி ஏரோப்ளேன் விக்க முடியாதே? அது கெடக்கட்டும். விலை விழுந்தப்ப ஆளுங்கள நிறுத்தினீங்களா?"

அந்தோணியின் சிரிப்பு நின்றது. "ஒரு தடவ. எல்லாரும் டவுன் பேக்டரிக்குப் போயிட்டாங்க. அப்புறம் விலை ஏறிச்சு. குலை மரத்துலயே அழுகிச்சு, வெட்ட ஆள் இல்ல."

சாந்தி பேனாவை எடுத்தாள். திரும்பும் வழியில் எனக்கு விளக்கினாள்: மெதுவாக வரையலாம், பழைய விமானங்களைப் பழுதுபார்த்துச் சம்பளம் தேடலாம், ஆள்களை மட்டும் விடக் கூடாது. சந்தை திரும்பும்போது வரைபடத்தோடு நிற்கிறவனுக்குத்தான் ஆர்டர். நான் குறுக்கே பேசாமல் ஓட்டினேன். என் ஆயுளில் அது முதல் தடவை. மதியச் சாப்பாட்டுக்கு மேல் நான் யோசித்ததில்லை. எங்கள் வீட்டுப் பெண் எட்டு வருஷம் தள்ளி யோசிக்கிறாள்.

போகிறவர்கள் மண்டோரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தண்ணீர் கொண்டு போங்கள், உள்ளே கடை இல்லை. மழை பெய்திருந்தால் சின்னக் கார் வேண்டாம். பெட்ரோலோடு எங்களுக்கு முப்பது ரிங்கிட்டுக்குள் முடிந்தது.

திங்கட்கிழமை பிற்பகல் 3.20க்கு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது சாந்தி அழைத்தாள். "ஒத்துக்கிட்டாங்கண்ணே. பதினோரு பேரும் இருக்கோம்."

இரண்டு கையையும் தூக்கினேன். ஒரு கையில் தண்ணீர்க் குழாய் இருந்தது. உள்ளே துடைக்க வண்டியின் நான்கு கண்ணாடியையும் இறக்கியிருந்தேன். இருக்கைகள் காய மூன்று நாள் ஆனது.